ஊட்டி குளிர்தான், வெயில் வெயில்தான்!



தேர்வுகள் முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாச்சு. பல வீடுகளில் ஊட்டி, கொடைக்கானல் பேச்சு ஆரம்பிச்சிருக்கும். இந்த இரண்டு ஊர்களுக்கும் வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்துவிடுகிறோம். ஸ்வெட்டர், குல்லா, போர்வை எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். வெயிலுக்கு என்ன எடுத்து வச்சீங்கன்னு கேட்டால், "குளிருக்குத்தானே போறோம், அங்கே என்ன வெயில்?" என்று பதில் வரும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்தப் பதிலைப் பற்றித்தான். நம் உடம்பு உணர்வது சூட்டை. தோலைக் கருக்க வைப்பதும், எரிய வைப்பதும், மங்கு வரவழைப்பதும் பெரும்பாலும் புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, சூடாகவும் உணர முடியாது. உயரம் கூடக் கூட இந்தக் கதிரின் அளவும் கூடும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில், சென்னையை விட ஊட்டியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். காற்று சில்லென்று இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. படகுச் சவாரி, தாவரவியல் பூங்கா என்று பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, ராத்திரி அறைக்கு வந்து முகம் கழுவும்போதுதான் எரிச்சல் தெரியும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஏப்ரல் மாதத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி சென்னை வரை, ஊருக்கு ஒரு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். கோடை விடுமுறையும் அதை ஒட்டித்தான் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கைப்பேசியை எடுங்க. பெரும்பாலான வானிலை செயலிகளில் 'யுவி இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை. 8-க்கு மேல் மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் உச்சம். சிக்னல் இல்லாத இடமா? உங்க நிழலைப் பாருங்க. நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடுமானவரை நிழலில் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்க.

இரண்டாவது, துணி. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை, துப்பட்டா. நெருக்கமாக நெய்த துணியே நல்லது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். நனைந்த மெல்லிய பருத்தித் துணி தரும் பாதுகாப்பு குறைவு.

மூன்றாவதுதான் சன்ஸ்கிரீன். வாங்கும்போது மூன்றைப் பாருங்க. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கணும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறிகளோ இருக்கணும். காலாவதி தேதி தாண்டியிருக்கக் கூடாது. எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம் தடுக்கும். ஆகவே எண்ணைத் துரத்திக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, போதுமான அளவு பூசுவது முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேணும். வெளியே கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே பூசணும். வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் குடும்பம், ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு ஒருவருக்குச் சுமார் 1.2 மில்லி. ஒரு நாளைக்கே 14 மில்லிக்கு மேல் ஆகிறது. 50 மில்லி டியூப் மூன்று நாளைக்கு, அதுவும் முகத்துக்கும் கழுத்துக்கும்தான் வரும். அதனால்தான் துணியை முதலில் சொன்னேன். கைகளைச் சட்டை பார்த்துக்கொண்டால், கிரீம் முகத்துக்குப் போதும், பையும் தாங்கும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம்; நிழலும் துணியும் போதும். முகப்பருவுக்கோ வேறு நோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்க. டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலை எளிதில் வெயிலில் எரிய வைக்கும். அதேபோல, எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீங்க. சாறு பட்ட இடம் புண்ணாகிக் கறுத்துவிடும்.

கடைசியாக, கொஞ்சம் கவலையோடு ஒன்று. ஊருக்குப் போறோம், போட்டோவில் முகம் பளிச்சென்று இருக்கணும் என்று நினைத்து, 'ஒரே வாரத்தில் சிவப்பழகு' கிரீம் வாங்குகிறோம். மருந்துக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கும் சில டியூப்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதலில் பளிச்சென்றுதான் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி வளரும், சின்ன வெயிலைக்கூடத் தாங்காது. இத்தகைய கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. டியூபின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்க. தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாததை வாங்காதீங்க. ஏற்கனவே பூசிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடலாம் என்பதால், அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டி, அவர்கள் சொல்கிறபடி நிறுத்துங்க. வாங்கிய பொருளைப் பற்றிப் புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவ ஆலோசனைக்கு 104.

அப்படியும் தோல் எரிந்துவிட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்க. ஐஸ் கட்டி வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிங்க. கொப்புளம், காய்ச்சல், தலைசுற்றல் வந்தால் அறையிலேயே படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

இருக்கிற நிறத்தோடு, நல்ல தோலோடு திரும்பி வந்தால் அதுவே போதும். பத்திரமா போயிட்டு வாங்க.