கைவிடும் முடிவை முன்பே எடுத்துவிடுங்கள்

சிறு விமானம் ஒன்று விபத்துக்குள்ளானால், விசாரணை அறிக்கையில் நாம் அடிக்கடி காண்பது ‘விமானியின் தவறு’ என்ற முடிவு. அதைப் படித்ததும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம், வழக்கு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தவறு எந்த நிமிடத்தில் பிறந்தது என்று கேட்டால்தான் அடுத்த விமானி பிழைப்பார். மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பி இறங்கும்போது உயிரைக் காப்பது கடைசி நொடிச் சாமர்த்தியம் என்று நான் நினைக்கவில்லை. எந்த நிலை வந்தால் இறக்கத்தைக் கைவிட்டு மேலேறுவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட விதிதான் காக்கிறது.

அந்த இறக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வழக்கமான சரிவு மூன்று டிகிரி. 90 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 480 அடி இறங்கும். பல ஓடுதளங்களில் தரைக்கு மேல் 200 அடியில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலேறிவிட வேண்டும். அந்த 200 அடியைக் கடக்க ஏறக்குறைய 25 விநாடிதான் ஆகும். பெரிய பயணிகள் விமானத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர் உயரத்தையும் வேகத்தையும் கவனிப்பார். சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒருவரே எல்லாம். ஓட்ட வேண்டும், ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும், அடுத்த புள்ளியின் உயரத்தை நினைவில் வைக்க வேண்டும், ஜிபிஎஸ்ஸிலும் கை வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் கேய்த்தர்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு சிறு விமான நிலையம் உண்டு. அதன் ஒரே ஓடுதளத்தை நோக்கி வந்த இரண்டு விமானங்களின் கதை இதைத் தெளிவாக்கும். 2014 டிசம்பர் 8 அன்று ஒரு ஃபீனம் 100 ஜெட் அங்கே இறங்க வந்தது. இறக்கையிலும் வாலிலும் படியும் பனியை நீக்கும் அமைப்பு அதில் இருந்தது. விமானி அதை இயக்கவில்லை. பனி படியாத விமானத்துக்கு உரிய குறைந்த வேகத்திலேயே வந்தார். விமானம் தூக்குவிசையை இழந்து வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும், ஒரு வீட்டில் இருந்த தாயும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். 2022 நவம்பர் 27 அன்று ஒரு மூனி விமானம் தாழ்ந்த மேகத்தில் அதே ஓடுதளத்தை நோக்கி வந்தது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அது தவறான பக்கம் திரும்ப, கட்டுப்பாட்டு அதிகாரி திசையைத் திருத்த வேண்டியிருந்தது. பிறகு, குறித்த உயரத்துக்குக் கீழே முன்கூட்டியே இறங்கி, ஓடுதளத்துக்கு ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் மின்கோபுரத்தில் மோதிச் சிக்கியது. சுமார் நூறு அடி உயரத்தில் பல மணி நேரம் தொங்கிய இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இரண்டு விபத்திலும் முடிவு கடைசி நொடிகளில் தெரிந்தது. தவறு அதற்குப் பல நிமிடம் முன்பே நடந்துவிட்டது. மூனி விமானம் திசை குழம்பிய அந்தக் கட்டமே, விட்டுவிட்டு மேலேறி மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டிய கட்டம்.

நல்ல கருவிகள் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். கருவிகள் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 2014இல் விழுந்தது நவீன ஜெட். வேண்டிய அமைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இயக்கப்படவில்லை. ஆட்டோபைலட் சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா என்று கேட்காது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: மேகத்துக்குள் திடீரென்று மேலேறுவதும் ஆபத்துதானே? உண்மைதான். வேகம் கூடும்போது விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்வதுபோல் உள்காது ஏமாற்றும். அதை நம்பி மூக்கைக் கீழே தள்ளியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆபத்து பெரிதாவது, தரைக்கு அருகில், குழப்பத்தின் நடுவே, மனசில்லாமல் மேலேறும்போதுதான். ஆயிரம் அடிக்கு மேலேயே, எதிர்பார்த்து, பழகிய கையோடு மேலேறுவது வேறு. அமெரிக்க விதிப்படி, கருவிகளை நம்பிப் பறப்பவர் ஆறு மாதத்தில் ஆறு இறக்கங்களாவது செய்திருக்க வேண்டும். அதில் கைவிட்டு மேலேறும் பயிற்சிக்கும் இடம் வேண்டும்.

அப்படியானால் விமானிமேல் பொறுப்பே இல்லையா என்பார்கள். பொறுப்பு உண்டு, பழி மட்டும் போதாது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தபோது, குற்றம் விமானிகளுடையதா, கட்டுப்பாட்டு முறையுடையதா என்பதில் விசாரணை வாரியமே இரண்டாகப் பிரிந்தது. அதன் பின் இறக்கத்துக்கு அனுமதி வழங்கும் விதிகள் திருத்தப்பட்டன. தண்டனைக்கு அஞ்சாமல் தவறுகளைத் தெரிவிக்கும் திட்டத்தை நாசா 1976இல் தொடங்கியது. இன்று சிறு விமானக்காரர்களுக்கும் அது பயன்படுகிறது.

ஆகவே புறப்படும் முன்பே விமானி எழுதி வைத்துக்கொள்ளட்டும்: இந்த உயரத்தில் வேகமும் திசையும் இறக்கமும் ஒத்துவராவிட்டால் கைவிடுவேன், எங்கே திரும்புவேன், எரிபொருள் எவ்வளவு மிஞ்சும். அவரை விமான நிலையத்தில் எதிர்பார்த்து நிற்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வேறு ஊரில் இறங்கிவிட்டு, நாளை வருகிறேன் என்று அவர் தொலைபேசியில் சொன்னால், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். நல்ல முடிவு எடுத்தீர்கள் என்று மனதாரச் சொல்லுங்கள்.