பேட்டிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளை

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவியும் ஓய்வுபெற்ற தாதியுமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என்னைச் 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டிருக்கிறார்கள். அது பெரிய வார்த்தை. இதே பள்ளியில், மழை பெய்தால் ஒழுகும் மூலையில் உட்கார்ந்து படித்தவள் நான். என் அம்மா பால்மரம் வெட்டியவர். ஆகவே விருந்தாளியாக வரவில்லை, வீட்டுக்கு வந்த மூத்த மகளாக நினைத்துக்கொண்டு நான் பேசுவதைக் கேளுங்கள்.

"பிள்ளைகள் நன்றாகப் படிக்கவேண்டும் என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். படிக்கச் சொல்லி எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். படித்து முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த தொழில் தாதித் தொழில். அதிலே படித்துப் பட்டயம் வாங்கிய பெண்கள் வேலைக்கான பேட்டியில் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் என் கதை. 1980-ஆம் ஆண்டு, ஐந்தாம் படிவம் முடித்து, அரசாங்கத் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். பேட்டிக்குக் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த மேட்ரன், "ஏன் தாதியாக வர ஆசைப்படுகிறாய்?" என்று மலாயில் கேட்டார். மனப்பாடம் செய்துகொண்டு போன பதில் எல்லாம் பறந்து போச்சு. "வீட்டில் ஏழு பேர். பயிற்சியிலேயே அலவன்ஸ் கொடுப்பார்கள் என்று தோட்டத்து டிரெஸ்ஸர் சொன்னார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். மேட்ரன் மட்டும் சிரிப்பை நிறுத்தி, "வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். பாட்டிக்குப் படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது மலாய் தானாக வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மேட்ரன் இரண்டாவது கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் இன்று நான் இந்த மேடையில் இல்லை. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருகிறேன்.

அந்தக் காலத்தில் பயிற்சிக்கு எடுத்தால் பயிற்சி முடிந்ததும் வேலை. பேட்டி ஒன்றுதான், அதுவும் ஆரம்பத்தில். பிறகு தனியார் கல்லூரிகள் வந்தன. பி.டி.பி.டி.என். கடன் வாங்கி மூன்று ஆண்டுகள் டிப்ளோமா படிக்கிறார்கள். படித்து முடித்தால் போதாது. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெறவேண்டும், அதற்கு வாரியத்தின் தேர்வில் தேறவேண்டும், பிறகு ஆண்டுதோறும் தொழில் செய்யும் சான்றிதழ் எடுக்கவேண்டும். இத்தனையும் தாண்டி வந்த பிறகுதான் வேலைக்கான பேட்டி. அதற்குள் கடனைக் கட்டச் சொல்லும் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

2010-ஆம் ஆண்டு வாக்கில், படித்து முடித்த தாதியர் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் நின்றதை நாடே பேசியது. அந்த ஆண்டில் புதிய தாதிப் பயிற்சித் திட்டங்களுக்கு அரசாங்கம் தற்காலிகத் தடையும் போட்டது. ஆனால் 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உலகத்தில் 59 லட்சம் தாதியர் பற்றாக்குறை என்கிறது. நம் நாட்டிலும் வார்டுகளில் ஆள் போதவில்லை என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள். அப்படியானால் புதிதாகப் படித்து வந்த பிள்ளைக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?

காரணம் இதுதான். மருத்துவமனை தேடுவது இன்றைக்கே வார்டில் இறங்கி வேலை செய்யக்கூடிய கையை. புதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த தாதி வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் அந்த மூத்த தாதிக்கு நேரம் ஏது? ஆகவே 'இரண்டு ஆண்டு அனுபவம் தேவை' என்று விளம்பரம் போடுகிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? மாவு இல்லாமல் தோசை சுடச் சொன்ன கதை!

இனி நான் வெட்கப்பட்டுச் சொல்லவேண்டிய ஒன்று.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு தனியார் மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். பேட்டிக் குழுவிலும் உட்கார்ந்தேன். 2014-ஆம் ஆண்டு என்று நினைவு. ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். கோப்பு சுத்தமாக அடுக்கியிருந்தது. வாரியத் தேர்வில் முதல் தடவையே தேறியவள். "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டோம். பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன்: "டயாலிசிஸ் நோயாளி வார்டுக்கு வருகிறார். கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. எதில் கவனமாக இருப்பாய்?" அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிப் போனது. எட்டு நிமிடத்தில் பேட்டி முடிந்தது. 'விஷயம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் சாப்பிடப் போனேன். அவளை மறந்தும் போனேன்.

அடுத்த ஆண்டு என் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போனேன். அங்கே அந்தப் பெண் உதவியாளர் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் அக்காவின் இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றப் போனான். அவள் ஓடி வந்து, "அந்தக் கை வேணாம் தம்பி, அதுலதான் ஃபிஸ்டுலா. இறுக்குனா ரத்தம் கட்டிப் போயிரும். வலது கைல பாரு" என்றாள். பிறகு அக்காவின் கையைத் தொட்டு, அந்த அதிர்வு இருக்கிறதா என்று விரலால் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் பேட்டியில் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் அது. ஓராண்டு தாமதமாக, தமிழில் வந்தது.

"என்னைத் தெரிகிறதா அம்மா?" என்று கேட்டேன். "தெரியும் சிஸ்டர். அந்தக் கேள்வியக் கேட்டது நீங்கதானே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதுவரை எத்தனை பேட்டி என்றேன். ஒன்பது என்றாள். "பதிலு மனசுல இருக்கு சிஸ்டர், வாய்க்கு வரல. நான் பொறந்ததிலேர்ந்து எதிர்ல உக்காந்து யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்ல. முன்னாடியே ஒரு தடவ யாராச்சும் கேட்டிருந்தா, பழகிப் போயிருக்கும்" என்றாள்.

எனக்கு 1980-ஆம் ஆண்டு மேட்ரன் ஞாபகத்துக்கு வந்தார். எனக்குக் கிடைத்த இரண்டாவது கேள்வியை நான் இந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் என் வீட்டு அஞ்சடியில் நாலைந்து பெண்களை உட்காரவைத்துப் பழக்கினேன். என்ன பழக்கினேன்? அதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தாதிக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் உதவும்.

ஒன்று, அடிப்படைக் கேள்விகள். கை கழுவவேண்டிய ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சை வேலைக்கு முன், உடல் நீர் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் படுக்கையைச் சுற்றியுள்ளவற்றைத் தொட்ட பின். மருந்து கொடுக்கும்போது சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எழுதத் தெரிவது வேறு, எதிரில் மூன்று பேர் பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்வது வேறு. சத்தம் போட்டுச் சொல்லிப் பழகவேண்டும்.

இரண்டு, "அனுபவம் இல்லையே" என்ற கேள்வி. இதற்குத் தலை குனியக்கூடாது. மூன்று ஆண்டுப் படிப்பில் வார்டு வார்டாக நின்றது அனுபவம் இல்லையா? ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள். எந்த வார்டு, என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், முடிவு என்ன என்று வரிசையாகச் சொல். 'நான் பொறுமைசாலி' என்று பத்துத் தடவை சொல்வதைவிட அது மேல்.

மூன்று, தெரியாத கேள்வி. மருத்துவர் எழுதிய மருந்தளவு புரியவில்லை, என்ன செய்வாய் என்பார்கள். வீம்புக்கு எதையாவது சொல்லாதே. "கொடுக்கமாட்டேன், எழுதியவரையே கேட்டு உறுதி செய்துகொள்வேன்" என்று சொல். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் தாதியிடம் உயிரை நம்பி ஒப்படைக்கலாம். தெரிந்ததுபோல நடிப்பவளிடம் பூனையைக்கூட ஒப்படைக்க முடியாது!

நான்கு, மொழி. அரசாங்கப் பேட்டி பெரும்பாலும் மலாயில், தனியாரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரண்டும் வேண்டும், சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் தமிழை மறைக்காதே. நள்ளிரவில் ஒரு தோட்டத்துப் பாட்டி "நெஞ்ச அடைக்குது" என்று சொன்னால், அதைப் புரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்ல அந்த வார்டில் நீ ஒருத்திதான் இருப்பாய். அதைப் பேட்டியில் தைரியமாகச் சொல்.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது மாதம் வேறொரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். என்னோடு பழகிய எல்லோருக்கும் கிடைத்ததா? இல்லை. ஒருத்தி காத்திருந்து சலித்துத் துணிக்கடை வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கடனும் இருக்கிறது. ஆகவே 'முயன்றால் எல்லாம் முடியும்' என்று நான் மேடையில் பொய் சொல்லமாட்டேன். வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு தோற்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதை ஏன் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பயம் இருபது வயதில் வருவதல்ல. பெரியவர் பேசும்போது வாயை மூடு என்று நாம்தான் ஊட்டி வளர்க்கிறோம். பெற்றோர்களே, இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளையைப் பார்த்து, "இன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். குறுக்கே பேசாதீர்கள். ஆசிரியர்களே, பரிசு வாங்கும் பிள்ளைக்கு மட்டும் மைக்கைக் கொடுக்காமல், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் மாதம் ஒரு தடவை கொடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுங்கள். இந்தப் பள்ளியில் படித்து, வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் வரட்டும். தாதி மட்டுமல்ல, யாராக இருந்தாலும் சரி. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க நான் வருகிறேன். இங்கே இருக்கும் மற்ற முன்னாள் மாணவர்களும் வாருங்கள். காசு வேண்டாம், இரண்டு நாற்காலி, ஒரு மேசை போதும்.

அந்தப் பக்கம் உட்காரும்போது, ஒரு பிள்ளை பதில் சொல்லத் தடுமாறினால், இரண்டாவது கேள்வியைக் கேட்போம்.

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். இந்த ஆண்டு பரிசு இல்லாத பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.