பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நுகேகொடையில் ஆற்றப்பட்ட உரை)



கல்விச் சுற்றுலாக்களையும் வெளிக்கள முகாம்களையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்புக்கு அந்த அனுபவம் குறைவு. 1996 ஜனவரியில் மத்திய வங்கி, யூலையில் தெஹிவளை ரயில். அதற்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையைத் தூரப் பயணத்துக்கு அனுப்புவார்? ஒரு பஸ் நிறையத் தமிழ்ப் பிள்ளைகளை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்ற எந்த ஆசிரியை துணிவார்? சிங்கராஜ வனத்தைப் படத்தில் பார்த்துத்தான் நாங்கள் உயிரியல் படித்தோம். அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் பயணநாளில் வகுப்பு முழுவதும் பஸ்ஸில் ஏறுவதில்லை. வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஏறாதவர்களைத் தெரியும். அவர்களின் தாய்மார் எங்களிடம் வருகிறார்கள்.

முதலில், மாதவிலக்கு. பயணத் திகதியைச் சொல்லி, தள்ளிப்போட மாத்திரை கேட்பார்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற மாத்திரை அல்ல. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது வழியில் தண்ணீரும் தாழ்ப்பாளும் குப்பைக்கூடையும் உள்ள ஒரு மலசலகூடம். அது இருக்குமா என்று தெரியாததால் சிலர் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். போகிறவர்களிலும் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் மயங்குவதும், திரும்பி வந்து சிறுநீர் எரிவு என்று மருந்துக்கு வருவதும் இவர்கள்தான்.

அடுத்தது ஆஸ்துமா. ஹோட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல். ஜனவரி விடியலில் உறைபனி விழும். அந்தக் குளிரில் இழுப்பு வரலாம். அதற்காகப் பிள்ளையை மறிக்க வேண்டியதில்லை. நீலப் பம்ப் பெட்டிக்குள் அல்ல, அவளுடைய கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும்; பொறுப்பான ஆசிரியைக்கு அதைப் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். (அட்டைக்கடிக்குப் பயந்து சான்றிதழ் கேட்பவர்களும் உண்டு. அதற்கு நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை.)

பணம் இல்லாத பிள்ளை மட்டும் எங்களிடம் வருவதில்லை. "எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, மிஸ்" என்று சொல்லி ஒதுங்கிவிடுவாள். அவளுக்காகவே சொல்கிறோம்: எல்லாப் பயணமும் மலைநாட்டுக்குப் போக வேண்டுமென்பதில்லை. இந்த மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் பெல்லன்வில - அத்திடிய சதுப்புநிலம் இருக்கிறது. 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா. இப்படியான நிலங்களுக்காகத்தான் 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: காலில் புண் உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கும்படி சங்கத்தைக் கேட்கிறோம். யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பது வகுப்பாசிரியைக்கு மட்டும் தெரிந்தால் போதும். பயணத்துக்கு முதல் வாரம் ஒரு பழைய மாணவி அதே வழியில் போய் மலசலகூடங்களைப் பார்த்து வரட்டும். எங்கள் வகுப்பில் ஐந்து வைத்தியர்கள் இருக்கிறோம். ஒவ்வொரு முகாமுக்கும் ஒருவர் கூட வருவோம். அதிபர் அவர்கள் திகதியைச் சொன்னால், காலை ஐந்தரைக்குப் பாடசாலை வாசலில் நிற்போம்.