கண்ணின் ஈரமும் தாய்மையும்



கடலை ஒட்டிய ஊரில் வாழும் நமக்கு ஈரம் என்பது புதிதன்று. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாடியில் உலர்த்திய துணி மாலை வரையிலும் காய்வதில்லை. உப்பு ஜாடியை மூட மறந்துவிட்டால் மறுநாள் உப்பு நீர்விட்டுக் கிடக்கிறது. ஜன்னல் கம்பிகள் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகின்றன. இத்தகைய பட்டினத்தில் மனிதருடைய கண் மட்டும் வறண்டு போகிறது என்றால் கேட்பவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மையே. தியாகராய நகரின் பெரிய துணிக்கடைகளில் நாள் முழுவதும் குளிர்சாதனக் காற்றில் நின்று புடைவைகளை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், அடையாற்றைத் தாண்டித் தரமணியில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் வெளியே வீசும் கடற்காற்றால் பயனில்லை. அவர்களுடைய கண்ணைத் தொடுவது ஈரம் பிழிந்தெடுக்கப்பட்ட காற்று.

அத்தகைய ஒரு பெண் கருவுற்றால், தன் கண்ணையும் காத்து, வயிற்றில் வளரும் குழந்தைக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். "இது பெரியவர்களுக்குரிய பேச்சாயிற்றே, எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் ஓர் அக்காளோ, அண்ணியோ, சித்தியோ இருப்பார்கள். அவர்களுக்காக மருந்துக் கடைக்கு ஓடுகிறவர் பெரும்பாலும் நீங்கள்தாம். ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

கண்ணீர் அழுவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. மயிரிழையைக் காட்டிலும் மிக மெல்லியதான ஒரு படலமாக அது எப்பொழுதும் கண்ணின் மேல் படர்ந்திருக்கிறது. அதன் அடியில் வழுவழுப்பான ஒரு பசை, நடுவில் நீர், மேலே எண்ணெய் என்று மூன்று பகுதிகள் உண்டு. எண்ணெயைத் தருபவை இமையின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகள். 1666-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்து எழுதிய மெய்போம் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயராலேயே அவை இன்றும் வழங்குகின்றன. எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிவிடும். நாம் இமைக்கும்போதெல்லாம் படலம் புதுப்பிக்கப்படுகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிற நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை.

படலம் குலைந்தால் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிச்சல், சிவப்பு, மாலை வேளையில் பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். விந்தை என்னவென்றால், வறண்ட கண்ணிலிருந்தே சில சமயம் நீர் தாரையாக வடியும். எரிச்சலுக்கு எதிராகச் சுரக்கும் வெறும் நீர் அது. கண்ணில் நிலைத்து நிற்பதில்லை. ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903-இல் ஒரு சோதனையைக் கூறினார். கீழ் இமையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, 5 நிமிஷத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பதுதான் அது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் வறட்சி கடுமையானது என்று கொள்வர். இன்றளவும் கண் மருத்துவமனைகளில் இச்சோதனை நடந்துவருகிறது. கருவுற்ற பெண்ணுக்கும் இதனால் தீங்கில்லை.

கருவுற்ற காலத்தில் உடலில் ஹார்மோன்கள் பெரிதும் மாறுகின்றன. இம்மாற்றம் கண்ணீர்ச் சுரப்பிகளையும் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் தொடுகிறது. எல்லோருக்கும் அன்று, சிலருக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், வறட்சி மிகுதியாகிறது. காலையில் வரும் வாந்தியினால் உடலின் நீர் குறைவதும் இதற்குத் துணை செய்கிறது. வாந்தியை அடக்கத் தரும் மாத்திரைகளில் சில கண்ணையும் வாயையும் உலர்த்தும் இயல்பு உடையவை. கருவிழியிலும் சிறிதே வீக்கம் உண்டாவதால், நேற்று வரை இதமாக இருந்த காண்டாக்ட் லென்ஸ் இன்று உறுத்தும். மூக்குக் கண்ணாடியும் பொருந்தாததுபோலத் தோன்றும். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் இவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே அவசியமிருந்தாலன்றி இக்காலத்தில் புதுக் கண்ணாடிக்குச் செலவிட வேண்டுவதில்லை. லென்ஸைக் கழற்றிவைத்துக் கண்ணாடி அணிவதே நலம்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்குக் கண் வறட்சி. கண் டாக்டர் சொட்டுமருந்தும், இமைச் சுரப்பிகளின் வீக்கத்துக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அவள் கருவுற்றிருக்கிறாள். தாயார் சொல்கிறார்: "வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு கண்ணுக்கு என்ன மருந்தடி? எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கொள்." பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார்: "என் மருமகளும் இதே மருந்தைத்தான் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. நீ நிறுத்தாதே."

இருவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் பிழை.

தாயாரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1950-களின் இறுதியில் ஐரோப்பாவில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கென்று கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்ற மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. 1961-இல் ஜெர்மனியில் அம்மருந்து விற்பனையினின்றும் விலக்கப்பட்டது. தாய் உட்கொள்வது சேயையும் சேரும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. மாமி தொடரச் சொல்லும் டாக்ஸிசைக்ளினும் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்தது. கருவில் உருவாகும் பற்களிலும் எலும்புகளிலும் படிந்து, பற்களின் நிறத்தைக் கெடுக்கக்கூடியது அவ்வகை. ஆதலால் கருவுற்ற காலத்தில் அதனைத் தவிர்ப்பர். வேறு வழியை டாக்டர் சொல்வார். ஒரு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது மறு வீட்டுக்குச் சாட்சியாகாது.

அதற்காக எல்லாவற்றையும் எறிந்துவிடலாமா? கூடாது. செயற்கைக் கண்ணீர் என்று வழங்கும் சொட்டுமருந்துகள், அதாவது கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், ஹயலூரோனேட் முதலியவை கலந்தவை, கண்ணின் மேல் நின்று நனைப்பவை. அவை உடலுக்குள் சென்று சேர்வது மிகமிகச் சொற்பம். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் முதலில் சொல்வதும் இவற்றைத்தான். அவற்றிலும் பதனப் பொருள் கலவாதவை நல்லவை. பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பதனப் பொருள் அடிக்கடி பட்டால் வறண்ட கண்ணை அதுவே அரிக்கும். சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு ஆகிய சொட்டுமருந்துகளோ வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை டாக்டர்தாம் தீர்மானிக்க வேண்டும். சிவப்பை உடனே போக்கும் சொட்டுமருந்தைக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கவே கூடாது. எந்த மருந்தை விட்டாலும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் மூலையை விரலால் ஓரிரு நிமிஷம் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து உடலுக்குள் இறங்குவது குறையும்.

தூய்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டில், சென்னைக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் தயாராகி அமெரிக்காவுக்குச் சென்ற செயற்கைக் கண்ணீருடன் தொடர்புடையதாக ஒரு கிருமித் தொற்று அந்நாட்டில் பரவியது. 18 மாநிலங்களில் 81 பேரை அது பற்றியதாகவும், 14 பேர் பார்வை இழந்ததாகவும், 4 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அது பதனப் பொருள் இல்லாமல், பலமுறை திறந்து மூடும் புட்டியில் வந்த மருந்து. பதனப் பொருள் இல்லாததை ஒருமுறைக்குரிய சிறு குப்பியில் வாங்குவதும், திறந்த குப்பியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாமல் எறிவதும் நன்று. மருந்தின் முனை இமையில் படலாகாது. ஒருவர் மருந்தை மற்றவர் விட்டுக்கொள்ளலாகாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றை வீட்டில் கண்ணில் விடுவது ஏன் தகாது என்பதும் இதனால் விளங்கும். சிலவகைச் சுர்மாவில் ஈயம் உண்டு. ஈயம் நஞ்சுக்கொடி வழியே கருவையும் எட்டும்.

மருந்தில்லாத வைத்தியமும் உண்டு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கும் அளவில் மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிஷம் வைத்துப் பின் இமையை மெல்ல நீவிவிட்டால் உறைந்த எண்ணெய் இளகும். மின்விசிறியும் குளிர்சாதனமும் முகத்தில் நேரே வீசாமல் திருப்பி வையுங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே வைத்து, அவ்வப்போது கண்ணை முழுதும் மூடித் திறக்கச் சொல்லுங்கள். வேண்டிய அளவு தண்ணீர் அருந்தச் சொல்லுங்கள்.

ஆகாரத்திலும் அளவு தேவை. வைட்டமின் 'ஏ' குறைந்தால் கண் வறளும், மாலைக்கண் வரும். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இது நேர்வதுண்டு. ஆனால் அதே வைட்டமின் அளவு மீறினால் கருவைக் குலைக்கும். நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் மாத்திரையாக உட்கொள்ளுதல் ஆகாது. முருங்கைக் கீரை, காரட், மாம்பழம் இவற்றில் உள்ள கரோட்டினையோ உடல் தனக்கு வேண்டிய அளவே வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. மயிலைச் சந்தையில் வாங்கும் ஒரு கட்டுக் கீரை, டாக்டர் சொல்லாமல் விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரையைக் காட்டிலும் பத்திரமானது.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் வறட்சி என்று எண்ணி இருந்துவிடலாகாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, கண் முன் மின்னல்போல் ஒளி தெறித்தாலோ அது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணில் கடும் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், சீழ் கண்டாலும் அப்படியே. கண்ணோடு வாயும் எப்பொழுதும் வறண்டு, மூட்டு வலியும் இருந்தால், 1933-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஷோக்ரன் விவரித்த நோயாக அது இருக்கக்கூடும். அந்நோயில் தாயின் இரத்தத்திலுள்ள சில பொருள்கள் அரிதாகக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஆகவே கண் வறட்சி உண்டு என்பதை மகப்பேறு டாக்டரும் அறிந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றே. கண் டாக்டரிடம் கர்ப்பத்தை மறைக்க வேண்டாம். மகப்பேறு டாக்டரிடம் கண் மருந்தை மறைக்க வேண்டாம். கண்ணும் கருவும் ஒரே உடலில்தான் இருக்கின்றன. இதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனையும், 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையும் எழும்பூரில் ஒன்றுக்கொன்று அருகே இருக்கின்றன. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அடையாற்றில் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மகப்பேறு, கண் என்னும் அவ்விரு மருத்துவமனைகளிலும் பணியாற்றிய முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் என்று குறிப்பிடப்படுபவர். இரண்டையும் ஒருவரே கண்ட காலம் அது. இன்று துறைகள் பிரிந்துவிட்டன. பிரிந்த துறைகளைச் சேர்ப்பது, நோயாளி கையில் கொண்டுபோகும் ஒரு துண்டுக் காகிதந்தான்.

இன்று மாலை உங்கள் அக்காளின் மருந்துகளை எடுத்து, அவற்றின் பெயர்களை ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அது அவள் பையில் இருக்கட்டும்.