மருந்தும் நீரும் நோன்பும்



கதிரவன் மறைந்தபின் உணவும் நீரும் கொள்ளாமை சமண இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். பர்யூஷண நாள்களில் பலர் முழு உண்ணாநோன்பும் ஏற்கின்றனர். அத்தகைய இல்லத்தில் ஒருவர் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் காலத்தில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

புற்றுநோய் மருந்துகள் பல சிறுநீரின் வழியே வெளியேறுகின்றன. அவற்றுள் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் நுண்குழல்களைத் தாக்கக்கூடியது. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு ஆகியவை உடலில் சிதையும்போது தோன்றும் அக்ரோலின், சிறுநீர்ப்பையில் தேங்கினால் அதன் உட்சவ்வைப் புண்ணாக்கும். சிறுநீரில் குருதி கலக்கும். மிகுந்த அளவில் செலுத்தப்படும் மெத்தோட்ரெக்சேட் நுண்குழல்களில் படிகமாக உறையவும் கூடும்.

சிஸ்பிளாட்டினின் வரலாறே இதற்குச் சான்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பார்னெட் ரோசன்பர்க், பிளாட்டினச் சேர்மங்கள் உயிரணுப் பிரிவைத் தடுப்பதைக் கண்டறிந்தார். ஆயினும் அம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தமையால் கைவிடப்படும் நிலையை எட்டியது. மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரை நரம்பின் வழியே மிகுதியாகச் செலுத்தும் முறையே அதனைக் காத்தது. 1978இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆக, நீரும் மருந்தின் ஒரு பகுதியே.

சேலத்தில் மருந்தேற்றிக்கொண்டு மாலையில் ஓமலூர் திரும்பும் ஒருவர், அந்தி முதல் மறுநாள் நவகாரசி முடியும்வரை நீர் அருந்தாதிருந்தால், பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல் உடல் நீரின்றித் தவிக்கும். மருந்தின் எச்சமும் சிறுநீர்ப்பையில் நெடுநேரம் தங்கும்.

இதற்கு மரபு வழி காட்டாமலில்லை. சுவேதாம்பர மரபில் ஓதப்படும் பச்சக்காண வாசகத்திலேயே, நோயுற்றோர் மன அமைதி குலையாதிருக்க மருந்து கொள்ளும் விலக்கு இடம்பெற்றுள்ளது. எனவே சிகிச்சைக் காலத்தில் நோன்பு ஏற்குமுன் மருத்துவரிடமும் குருமகராஜ் அவர்களிடமும் கலந்து பேசுதல் நன்று. இதய நோயுடையோர் அருந்தவேண்டிய நீரின் அளவையும் மருத்துவரே கூற வேண்டும்.

சிறுநீர் குறைதல், எரிச்சல், குருதி, கால் வீக்கம், காய்ச்சல் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்க. டாக்சோரூபிசின் ஏற்றியபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து காண்பது அம்மருந்தின் நிறமே. அதற்கு அஞ்ச வேண்டா. வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்ணுதல் சிறுநீரகத்திற்கு மேலும் ஊறு செய்யும்.

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையே அகிம்சை. அவ்வுயிர்களுள் தன்னுயிரும் ஒன்று என்பதை நோயுற்றோரும் அவரைப் பேணுவோரும் மறவாதிருப்பாராக.