கரை மணலில் ரோசா
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)

 



வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ரோசாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"நம்மட மணலுக்கு ரோசா சரிவராது" என்று பலரும் சொல்கிறார்கள். எந்த ரோசாவை நட்டீர்கள் என்று கேட்டால், நுவரெலியா போய்வந்தபோது வாங்கிவந்த ஒட்டுச்செடி என்பார்கள். ஹக்கலப் பூங்கா 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் செழித்த செடி, கல்முனையில் கச்சான் காற்று வீசும் மாதங்களை எப்படித் தாங்கும்?

நமக்கு ஏற்றது பழைய செடி ரோசா. புதராகப் படரும், கொத்தாகப் பூக்கும், பூ சிறிது. சீன ரோசாவும் அதன் வழிவந்தவையும் வெயில் தாங்குபவை. இந்து சமுத்திரத்து ரீயூனியன் தீவில், வேலியில் நின்ற சீன ரோசாவும் டமஸ்க் ரோசாவும் கலந்து ஓர் இனமே உண்டானது. தமிழ்நாட்டில் எட்வர்ட் ரோசா என்று வளர்ப்பதும் அந்த இனம்தான். வெப்பக் கடற்கரை ரோசாவுக்குப் புதிதல்ல.

இவற்றைக் கம்பு நட்டே வளர்க்கலாம். சொந்த வேரில் நிற்பதால் ஆடு தின்றாலும் காற்று முறித்தாலும் அடியிலிருந்து அதே ரோசா துளிர்க்கும். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேறு செடி. அதை வளரவிட்டால் மேலே உள்ளது மெலிந்துவிடும்.

மாரி தொடங்கியதும் பென்சில் மொத்தத்தில், ஏழெட்டு அங்குல நீளத்தில், நாலைந்து கணு உள்ள கம்பை வெட்டுங்கள். கீழ் இலைகளைக் களைந்து, மணலும் கூட்டெருவும் கலந்த பையில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். நிலத்தில் நடும்போது ஒன்றரை அடிக் குழி தோண்டி, பாதிக்கு மக்கிய மாட்டெரு போடுங்கள். மணல் தண்ணீரைப் பிடிக்காது, எருதான் பிடிக்கும். அடியைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சைப் பரப்புங்கள்.

காலை வெயில் ஆறு மணித்தியாலம் வேண்டும். கடல் பக்கம் செவ்வரத்தை வேலி இருந்தால் உப்புக்காற்று நேரே அடிக்காது. தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள். இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். மாரி முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, காய்ந்த பழங்கிளைகளை அடியோடு எடுங்கள். ஆறேழு வாரத்தில் பூக்கும்.

இனி, இதை நான் இந்த மேடையில் பேசுவதற்கான காரணம். நம் கரையில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகும். உம்மா நட்டது மகளுக்கு. 2004 டிசம்பர் 26 இல் பெரியநீலாவணை முதல் நிந்தவூர் வரை கடலோர வளவுகள் பலவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. உயிர்களை இழந்தோம். கிணறுகள் உப்பாயின. பலருக்குத் திரும்பிப் போக வளவே இல்லாமல் போயிற்று. அந்த வளவுகளின் ரோசாக்களில் இன்று மிஞ்சியிருப்பவை, அதற்கு முன்னரே யாருக்கோ கம்பாகக் கொடுக்கப்பட்டவை மட்டுமே. வயல் பக்கம் வாழ்க்கைப்பட்ட மச்சிக்கோ, கூடப் படித்த பிள்ளைக்கோ கொடுத்த கம்பு, பிறகு கொடுத்தவளின் புது வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. எடுத்துவைத்துப் பூட்டியவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு விழாவுக்குப் பூச்செண்டு வாங்கும் செலவை விடுவோம். ஒவ்வொரு வகுப்பணியும் தங்கள் வளவிலிருந்து வேர்விட்ட ஒரு கம்பைக் கொண்டுவரட்டும். யாருடைய உம்மா, எந்த ஊரில் நட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். ஆனால் இங்கே நட்டுவிட்டு நிற்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் கல்வி முடித்துப் போகும் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கம்பு கொடுத்தனுப்ப வேண்டும்.

எனது வளவில் பத்துப் பைகள் தயாராக இருக்கின்றன. வேண்டியவர்கள் இம்மாதத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.