சைலன்சரை அடிக்க விடாதீர்கள், சகோதரிகளே!
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதாமாதம் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிறோம். இன்று அந்தக் கடனில் வாங்கின வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நம்ம பிழைப்பு வண்டியில்தான் ஓடுகிறது. பால் கேன், சின்ன வெங்காய மூட்டை, முந்திரிக்கொட்டை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லாம் அதில்தான். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் 25,000 ரூபாய் வரை மானியம் பெற்று, தங்கள் பெயரிலேயே வண்டி வாங்கினார்கள். குழுக் கடன் வாங்கி பழைய வண்டி எடுத்தவர்களும் உண்டு. வண்டிக்கு வயசாகிறது. இழுவை குறைகிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "சைலன்சருக்குள்ள ஒரு அடைப்பு இருக்கும்மா, அதை அடிச்சு எடுத்துட்டா மைலேஜ் வரும், பிக்கப் வரும்." வீட்டுப் பையனுக்கோ சத்தம் 'கெத்தா' வர வேண்டும். சைலன்சரை வெட்டி, கம்பியால் குத்தி, உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு வெல்டிங் வைத்துத் தந்துவிடுகிறார்கள்.

அது என்ன பொருள்?

அது அடைப்பு இல்லை. அதற்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். தேனடை மாதிரி நுண்ணிய துளைகள் இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிசாகப் பூசியிருக்கும். இன்ஜினிலிருந்து வரும் நச்சுப் புகை சூடான இந்தத் துளைகள் வழியே போகும்போது, அதில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பக்கமிருந்து இன்ஜினுக்கு ஒரு ரப்பர் குழாயும் வால்வும் போகும். புகை வெளியேறும் இடத்தில் நல்ல காற்றை விட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோலை எரிப்பது அதன் வேலை. அதையும் சிலர் கழற்றிவிட்டு போல்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா வைத்ததில்லை. புகைக்கு அரசு வைத்த அளவு பாரத் ஸ்டேஜ். அதில் நான்காம் தரத்துக்குக் கீழான வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே தடுத்தது. 2020 ஏப்ரலில் ஆறாம் தரம் வந்தது. அந்த அளவுக்குள் புகையை நிறுத்தத்தான் இந்தக் கருவிகள்.

புகை யாருக்கு?

விறகடுப்புப் புகையில் கண் எரிந்து, இருமி, கேஸ் அடுப்புக்கு மாறியவர்கள் நாம். அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. வண்டிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் புகைக்குக் கொடுக்கலாமா? வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விடும்போது, பக்கத்தில் கோலம் போடுவது யார்? திண்ணையில் தூளி ஆடுவது யாருடைய குழந்தை? அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் லாரி என்று ஏற்கெனவே தூசி. அதை நிறுத்துவது நம் ஒருவர் கையில் இல்லை. நம் வீட்டு வண்டி நம் கையில் இருக்கிறது.

மைலேஜ் வருமா?

கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்துக்கொண்டால் இழுவை குறையும், அது நிஜம்தான். ஆனால் ஏன் அடைத்தது என்று கேட்க வேண்டும். இன்ஜின் ஆயில் எரிகிறதா? கலப்படப் பெட்ரோலா? அதைச் சரி செய்யாமல் சைலன்சரை அடிப்பது, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்: அழுக்கேறிய ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், காற்றில்லாத டயர், தொங்குகிற செயின், சரியாக டியூன் செய்யாத கார்புரேட்டர். முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம்தான் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் ஆச்சே! ஒரு மாதம் பெட்ரோல் போட்ட லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். சர்வீஸ் செய்த பிறகு இன்னொரு மாதம் எழுதுங்கள். மைலேஜ் எங்கே போனது என்று நோட்டே சொல்லும்.

அபராதம் யார் பெயரில்?

ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால் உரிமையாளர் நீங்கள்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. புகை, சத்த அளவை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பையன் ரசிக்கிற சத்தத்துக்கு அம்மாவின் சேமிப்பு போக வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

1. மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போதே, "சைலன்சரை வெட்டாதீங்கண்ணே, வால்வை அடைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

2. சைலன்சரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் கம்பெனி சைலன்சரையே பில்லோடு போடுங்கள். பழசைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பது விலை உள்ள உலோகம்.

3. புகைச் சான்றிதழ் எடுங்கள். வண்டி வாங்கி ஓராண்டு ஆனதும் இது கட்டாயம். நான்காம், ஆறாம் தர வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு முந்தையதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

4. பழைய வண்டிக்குக் குழு கடன் கொடுக்கும் முன் சைலன்சரில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, குழாயில் போல்ட் அடைத்திருக்கிறதா, புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

5. ஏற்கெனவே அடித்து எடுத்த வண்டி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அடுத்த சர்வீசில் கம்பெனி சைலன்சருக்கு மாறுங்கள். ஒரேயடியாகப் பணம் புரட்ட முடியாவிட்டால் குழுவில் சிறு கடன் கேளுங்கள். அதுவும் குடும்ப நலத்துக்கான கடன்தான்.

சகோதரிகளே, வட்டிக்காரரிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பட்டறையிலும் அதே குரலில் சொல்வோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு வண்டியின் புகைச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள். வருகைப் பதிவோடு அதையும் பார்த்துவிடுவோம்.